பல் வைத்த ரேஸர்

பொன்னுரங்கத்தின் தாடியை விட்டுவிட்டு ஓடைக்கரை மடத்தைப் பற்றிப் பேச முடியாது. மலையடிவாரம் முழுக்கப் பேர்போன தாடி அது. கண்ணுக்குக் கீழேயே தொடங்கி நெஞ்சு வரை இறங்கி, கழுத்தே இல்லாத ஆள் போல அவனைக் காட்டும். கம்பளி மாதிரி அடர்த்தி. காலையில் அவன் குடித்த மோர் எது, மத்தியானம் குடித்த மோர் எது என்று தாடியை முகர்ந்தே சொல்லலாம் என்று சமையல்கட்டில் கேலி செய்வார்கள். மடத்துக்கு வருகிற ஜனங்கள் குருவைத் தேட மாட்டார்கள். தாடியைக் கண்டதும் பொத்தென்று விழுந்து கும்பிட்டுவிடுவார்கள். உண்மையான குரு பக்கத்திலேயே வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருப்பார்.

அந்தக் குருவுக்கு வயது நாற்பத்தைந்து. சிஷ்யன் பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தாறு. குரு முன்பு டவுனில் சலூன் வைத்திருந்தவர். பன்னிரண்டு வருஷம் ஊர்க்காரர்களின் முகத்தை மழித்துவிட்டு, ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு மடத்துக்கு வந்தார். இப்போது மடமே அவர் பொறுப்பில் இருக்கிறது. மற்றச் சாமியார்களுக்கு முடி வளர வளர மரியாதை கூடும். இவர் தினமும் வழவழவென்று மழித்துக்கொள்வார். அதனால் ஜனங்கள் சவரச்சாமி என்றார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. பொன்னுரங்கத்தை அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துறவு வாங்குகிற அன்று, ஆள் தன் முகத்தைத் தன் கையாலேயே மழிக்க வேண்டும். கண்ணாடி கூடாது. மடத்துத் தகரப் பெட்டியில் பழைய ரேஸர்கள் சில கிடக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மழித்த முகத்தோடு வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டால், அன்று காலையில் வாசலுக்குள் முதலில் கால் வைப்பவர் அங்கே இருக்கும் சட்டியிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி உட்கார்ந்திருப்பவர் கையில் போடுவார். அதைச் சாப்பிட்டு முடித்தால் மழித்தவர் சாமி.

பொன்னுரங்கத்துக்குப் பின்னால் மடத்துக்கு வந்த இரண்டு பேர் அவனுக்கு முன்னால் சாமியாகிவிட்டார்கள். அவன் வருஷா வருஷம் எதையாவது சொல்லித் தப்பித்தான். ஒரு வருஷம் முதுகுவலி. ஒரு வருஷம் பசு சினையாக இருக்கிறது, கன்று போடட்டும் என்றான். அது கன்று போட்டு, அந்தக் கன்றும் ஒரு கன்று போட்டுவிட்டது. இந்த வருஷம் குரு அவனிடம் கேட்கவே இல்லை. வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டே, பௌர்ணமிக்கு வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். பௌர்ணமிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அன்றிலிருந்து பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. துறவு என்றதும் மனுஷனுக்கு உதறல் எடுக்கிறது, பாவம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவனுக்குத் துறவில் பயமே இல்லை. அவன் பயந்தது தன் முகத்துக்கு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் விடிகிற நேரம், மலை இறங்கி வரும் வளைவில், எதிரே வந்த சைக்கிளை அடித்துவிட்டான். சைக்கிளை மிதித்தவன் பேர் சங்கரலிங்கம். பின்னால் கேரியரில் பூக்கூடையோடு அவன் மனைவி உலகம்மாள். இருவரும் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் ஜீப்பை நிறுத்தினான். இறங்கினான். கிட்டே நடந்துபோய்ப் பார்த்தான். சங்கரலிங்கத்துக்கு உயிர் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான். தண்ணீர் கேட்கிறான் என்று பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது. ஜீப்பில் கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. அந்த நேரத்தில் பள்ளத்தில் கிடந்த உலகம்மாள் தலையைத் தூக்கி அவனை நேருக்கு நேர் பார்த்தாள். அவ்வளவுதான். அவன் திரும்பி ஓடி ஜீப்பில் ஏறினான்.

எந்த வண்டி, யார் ஓட்டியது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. அன்றோடு அவன் சவரம் செய்வதை விட்டான். வேலையையும் விட்டான். ஒரு வருஷம் எங்கெங்கோ அலைந்தான். கால் அவனைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த வளைவிலிருந்து இரண்டு மைலில் இருந்த இந்த மடத்துக்குத்தான். தூரமாகப் போகவும் பயம், கிட்டே வரவும் பயம். இந்த இரண்டு மைல் தூரம் அவனுக்குத் தோதாக இருந்தது.

அவன் வந்து இரண்டு வருஷம் கழித்து, மடத்துக்குப் பூப் போட ஒருத்தி வேண்டும் என்று யாரோ ஏற்பாடு செய்தார்கள். வந்து நின்றவள் உலகம்மாள். பூவை வாங்கி வைப்பது பொன்னுரங்கத்தின் வேலை. அவளைப் பார்த்த அன்று அவன் மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்துவிட்டான். மறுநாளும் அவள் வந்தாள். ஒன்பது வருஷமாக, மழையோ வெயிலோ, மடத்து வாசலுக்குள் முதலில் கால் வைப்பவள் அவள்தான். வேலையை மாற்றித் தரச் சொல்லிக் குருவிடம் இரண்டு தடவை கேட்டான். அவர் மாற்றவில்லை.

அவள் அவனைத் தாடிச் சாமி என்று கூப்பிட்டாள். கூடையை இறக்கி வைத்ததும் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் அந்தக் கை தன் காலைத் தொடும்போது அவனுக்குக் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றும். ஒருநாள் அவளாகவே சொன்னாள். புருஷன் ஒரு மணி நேரம் துடித்துச் செத்தான் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

"இறங்கி வந்து பாத்தான் சாமி," என்றாள். "நிக்காமப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். கிட்ட வந்து பாத்துட்டுப் போனான். ஒரு வாய் தண்ணி ஊத்தல. தாடையில நடுவுல ஒரு குழி. அந்த மூஞ்சியை என்னிக்குக் கண்டாலும் எனக்குத் தெரியும். கண்டா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். கிட்ட வந்தவன் ஏம்ல போனேன்னு."

பொன்னுரங்கத்தின் தாடையில் நடுவில் ஒரு குழி இருந்தது. அதன்மேல் முக்கால் அடி உயரத்துக்கு முடி இருந்தது.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம், குரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். உள்ளே நான்கு ரேஸர்கள். எல்லாம் பழசு, எல்லாம் கனமான பித்தளை. இரண்டில் பிளேடுக்குக் கீழே மழமழவென்று ஒரு பட்டை ஓடியது. மற்ற இரண்டில் பட்டைக்குப் பதிலாகச் சீப்புப் போல வரிசையாகப் பல். அவை இரண்டும் பொன்னுரங்கத்தைப் பார்த்து இளிப்பது போலிருந்தது.

"நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க சாமி," என்றான்.

"மூஞ்சி உங்களுது அண்ணாச்சி."

"எது வெட்டாது?"

"இந்தப் பெட்டி வெட்டாது."

அவன் சிரிக்கவில்லை. நான்கையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தான். கடைசியில் பட்டை வைத்ததில் ஒன்றை எடுத்தான். பூச்சு உதிராமல் பளபளவென்று இருந்தது. பார்க்கச் சாதுவாக இருக்கிறது என்றான். பல் வைத்ததைத் தொடவே இல்லை.

குரு சோப்பும் பிரஷும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்து வரச் சொன்னார். அப்போதுதான் பொன்னுரங்கம் அவர் முகத்தைக் கவனித்தான். ஒருநாள் தவறாமல் மழிக்கிற மனிதர் ஒரு வாரமாக மழிக்கவில்லை. முள்ளு முள்ளாகத் தாடி நின்றது. அவர் கல்லில் உட்கார்ந்து முகத்தில் நுரை போட்டுக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தினார்.

"எடுத்ததை மொதல்ல எனக்குப் போடுங்க."

"சாமிக்கா? என் கை சரியில்ல சாமி. ரெண்டு நாளா நடுங்குது."

"வலது கன்னம். மேல இருந்து கீழ."

மறுக்க வழியில்லை. பொன்னுரங்கம் காதோரத்தில் ரேஸரை வைத்து இழுத்தான். அரை அங்குலம் போனது, நின்றது. முடியும் நுரையும் பட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டன. கழுவிவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி அடைத்தது. ஒரு வாரத் தாடிக்கே இந்தப் பாடு. முடி வெட்டுப்படாமல் பிடுங்கியது. குருவின் கண்ணோரத்தில் நீர் கட்டியதைப் பார்த்ததும் அவனுக்குப் பதற்றம் வந்தது. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று அழுத்தி இழுத்தான். பிளேடு சறுக்கியது.

வெள்ளை நுரையில் முதலில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு அது பரவி, நுரை முழுவதும் இளஞ்சிவப்பாகி, தாடையிலிருந்து சொட்டியது.

ரேஸர் கல்லில் விழுந்து கணீரென்றது. பொன்னுரங்கம் ஓரடி பின்னால் வைத்தான். இன்னோரடி. அடுத்து திரும்பிவிட்டான். தான் திரும்பியதே அவனுக்குத் தெரியாது. கால் தானாகவே மாட்டுக் கொட்டகைப் பக்கம் வேகமெடுத்தது.

பின்னாலிருந்து குருவின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"அண்ணாச்சி. தண்ணி ஊத்துங்க."

பொன்னுரங்கம் அப்படியே நின்றான். திரும்பி வருவதற்கு எட்டு அடிதான். அந்த எட்டு அடியை நடக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. செம்பைத் தூக்கினான். பாதித் தண்ணீர் மண்ணில் சிந்தியது. மீதியைக் குருவின் கன்னத்தில் ஊற்றினான். ஊற்றி முடித்துவிட்டு அவர் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் சொல்லிவிட்டான். வளைவு, சைக்கிள், திறந்து திறந்து மூடிய வாய், கேன் தண்ணீர், உலகம்மாளின் கண், தாடைக் குழி எல்லாம்.

குரு ஆச்சரியப்படவில்லை. முன்பே தெரியும் என்றும் சொல்லவில்லை. துண்டால் கன்னத்தை அமுக்கிப் பிடித்தபடி கடைசி வரை கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு பொன்னுரங்கத்துக்கு இன்னும் பயமாக இருந்தது. மூச்சு விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டான். அன்று ஒருநாள் மட்டும் வேறு யாரையாவது வாசலுக்குள் முதலில் வரச் சொல்லலாமா?

"வாறவங்க வருவாங்க அண்ணாச்சி. நாம சொல்லி வாறதில்ல."

தாடையில் மட்டும் கொஞ்சம் முடி விடலாமா?

"மடத்துல அப்படி வழக்கம் இல்ல."

அப்படியானால் துறவே வேண்டாம், இப்படியே மாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடட்டுமா?

"இருங்க. அவ நாளைக்கும் வந்து உங்க காலைத் தொடுவா."

பொன்னுரங்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். குரு துண்டை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. இடது கன்னத்துக்கு மறுபடி நுரை போட்டுக்கொண்டார்.

"இந்தப் பக்கம் இன்னும் மழிக்கல. பல்லு வச்சதுல ஒண்ணு எடுங்க."

இவ்வளவு நடந்த பிறகும் மனுஷனுக்கு முகம் மழிக்க வேண்டுமா என்று பொன்னுரங்கத்துக்கு இருந்தது. ஆனாலும் எழுந்தான். பல் வைத்ததில் கைக்கு வந்த ஒன்றை எடுத்தான். குரு அதைப் பிளேடு போடாமல் வாங்கி, அவன் விரலைப் பிடித்துப் பல் வரிசையின்மேல் மெதுவாக ஓட்டினார். மூன்றாவது பல்லில் விரல் இடறியது. எந்தக் காலத்திலோ கீழே விழுந்து அந்தப் பல் மட்டும் மயிரிழை வளைந்திருந்தது.

"இது ஆகாது. ஒரு பல்லு கோணினாப் போதும், பிளேடு அந்த எடத்துல எழும்பி நிக்கும். அடுத்ததைப் பாருங்க."

அடுத்ததில் விரல் இடறவில்லை. பூச்செல்லாம் போய்ப் பித்தளை தெரிந்தது. பல் எல்லாம் ஒரே மட்டமாக நின்றது. பிளேடு போட்டுத் திருகினான். பிளேடின் விளிம்பு பல்லுக்கு மேலே வெட்ட வெளியாகத் தெரிந்தது. அதைக் குருவின் காதோரத்துக்குக் கொண்டுபோனான். வைத்தும் வைக்காமலும் இழுத்தான். சர்ரென்று ஒரு சத்தம். பல்லுக்கு நடுவில் முடி நுழைந்து, வெட்டுப்பட்டு, நுரையோடு வழிந்து விழுந்தது. எங்கும் அடைக்கவில்லை. நாலே இழுப்பில் கன்னம் வெளியே வந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

"இது ஏன் சாமி வெட்டல?"

"அது ஏன் வெட்டுச்சு?"

"சிக்கிச்சு. அழுத்தினேன்."

"இதை ஏன் அழுத்தல?"

"பயமா இருந்துச்சு சாமி. பல்லு தெரியுதே."

முடிந்தது என்று நினைத்துப் பொன்னுரங்கம் ரேஸரைக் கழுவப் போனான். குரு அவன் கையைப் பிடித்து, மழித்த கன்னத்தில் கீழிருந்து மேலாகத் தேய்த்துக் காட்டினார். உப்புத்தாள் மாதிரி உரசியது.

"மொதத் தடவை முடி போற போக்குல போகணும். அது முடியைக் குறைக்கும், அம்புட்டுத்தான். ரெண்டாந் தடவை எதிர்ப்போக்குல போடணும். அப்பத்தான் மழிச்சதாகும்."

"எதிர்ப்போக்குன்னா எரியுமே சாமி."

"எரியும்."

எதிர்ப்போக்கை அவர் தாமே போட்டுக்கொண்டார். பிறகு படிகாரக் கல்லை நனைத்து இரண்டு கன்னத்திலும் தேய்த்தார். வலது கன்னத்தில் அது பட்டபோது மட்டும் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் பொன்னுரங்கம் பூ வாங்க வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினான். ஓடிவிடலாம் என்று ஒரு தடவை துணிமணியை எடுத்துக் கட்டினான். மடத்திலிருந்து வெளியே போகிற பாதை அந்த வளைவு வழியாகத்தான் போகிறது என்பது நினைவுக்கு வந்து, கட்டியதை அவிழ்த்தான். போலீஸ், ஜெயில் எல்லாம் மனதில் வந்து வந்து போயின. அவை எல்லாவற்றையும்விட அவள் கேட்கப் போகும் அந்த ஒரு கேள்விக்குத்தான் அவன் அதிகம் பயந்தான். அதற்குப் பயந்து ஓடினேன் என்ற ஒரு பதில்தான் அவனிடம் இருந்தது. அந்தப் பதில் அவனுக்கே கேவலமாக இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் மனதை ஒருவழியாகத் தேற்றிக்கொண்டான். ஆனது ஆகட்டும், வாசலில் போய் உட்காருவோம், மூஞ்சியைக் கண்டதும் அவளே கண்டுபிடித்துவிடுவாள், நாம் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பௌர்ணமி அன்று விடிகிற நேரத்தில் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தான். முதலில் கத்தரியால் வெட்டினான். தாடி கற்றை கற்றையாக மடியில் விழுந்தது. கன்னத்தில் காற்றுப் பட்டது. யாரோ சட்டையைக் கழற்றிவிட்டது போல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு நுரை போட்டு, பல் வைத்த ரேஸரை எடுத்தான். கண்ணாடி இல்லாததால் இடது கை விரலால் தடவித் தடவி, வலது கையால் வைத்தும் வைக்காமலும் இழுத்தான். கன்னம் இரண்டும் போயிற்று. கழுத்துப் போயிற்று. தாடைக்கு வந்தான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு விரல் அந்தக் குழியில் விழுந்தது. கை நின்றுவிட்டது.

குழிக்குள் சுண்டுவிரல் நகத்தளவு முடி மிச்சமிருந்தது. அது அப்படியே இருந்துவிட்டால் குழி தெரியாது. யார் பார்க்கப் போகிறார்கள்? மனதைத் தேற்றிக்கொண்டதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

குரு கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். வலது கன்னத்தில் வெட்டு காய்ந்து கோடாக இருந்தது.

"குழிக்குள்ள ரேஸர் போக மாட்டேங்குது சாமி," என்றான் பொன்னுரங்கம்.

"தோலை இழுத்துப் பிடிங்க. போகும்."

இழுத்துப் பிடித்தான். போனது.

குழியை மழித்து முடித்ததும் அவன் ரேஸரைக் கீழே வைத்துவிட்டான். முகம் ஏற்கெனவே காந்தியது, அவள் வருகிற நேரமும் ஆகிவிட்டது. இவ்வளவு போதும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தான். குரு பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனோடு வாசலுக்கு நடந்தார்.

வாசலில் சோற்றுச் சட்டி இருந்தது. பொன்னுரங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தினான். பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது.

உலகம்மாள் வாசலுக்குள் கால் வைத்து, கூடையை இறக்கினாள். உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"புதுச் சாமியா? தாடிச் சாமிக்கு இன்னும் ஒடம்பு சரியாகலையா?"

அவள் இன்னும் கிட்டே வந்து குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தொடங்கி, மூக்கு, வாய் என்று இறங்கிய அவள் கண் தாடையில் வந்து நின்றது. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டான். இதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தான்.

அவள் சிரித்தாள்.

"தாடிச் சாமியா? அடையாளமே தெரியலையே. தாடி இல்லாமப் பச்சப்பிள்ள மாதிரில்லா இருக்கீய."

சட்டியிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி அவன் கையில் வைத்தாள். இது தனக்குக் கிடைத்த பாக்கியம் என்றாள். என்றும் போல அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சன்னதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுக்க ஆரம்பித்தாள்.

பொன்னுரங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நிமிஷம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. கன்னம் ஒட்டி, புருவம் நரைத்து, பன்னிரண்டு வருஷம் அவன் முகத்தை வேறாக்கி வைத்திருந்தது. தப்பித்தாயிற்று. இனிமேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோனான். பாதி வழியில் கை நின்றது. அவள் கேட்காவிட்டால் இனி யார் கேட்பார்கள் என்று தோன்றியது. அப்போது வந்த பயம் இத்தனை வருஷத்தில் அவன் பட்ட பயம் எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தது.

குருவைப் பார்த்தான்.

"அவளுக்குத் தெரியல சாமி."

"ஆமா."

"தாடியை எடுத்துட்டேன். குழியைக்கூட மறைக்கல. கண்ணுக்கு நேரா வந்து பாத்துட்டா, தெரியல. இதுக்கு மேல நான் என்ன சாமி செய்ய முடியும்?"

குரு அவனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். புறங்கையை அவன் தாடையில் வைத்து, கீழிருந்து மேலாகக் கன்னம் வரை மெதுவாகத் தேய்த்தார். அது உரசிய சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

"ஒரு தடவைதான் போட்டிருக்கீய அண்ணாச்சி. எதிர்ப்போக்கு அப்படியே கெடக்கு."

பொன்னுரங்கம் கையிலிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். சோற்றில் ஒரு பருக்கை சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சன்னதிப் பக்கம் நடந்தான். உலகம்மாள் தலை குனிந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கிட்டே போனான். இந்தத் தடவை திரும்பி ஓடாமல், தானே வாயைத் திறந்து சொல்ல அங்கேயே நின்றான்.